இரண்டாவது கட்டம்

ஊருணிக்குள் நாலு பேர் இறங்கியிருக்கிறார்கள். கரையில் நிற்பவர்கள் டார்ச் அடிக்கிறார்கள். அண்ணனுக்கு நீச்சல் தெரியும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியும்.

தட்டச்சில் நான் லோயர் பாஸ். அதனால்தான் அண்ணன் அருண் ஜோசப் சனிக்கிழமைகளில் என்னைக் காரைக்குடியில் புதிதாக வந்த பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போவான். அவன் பி.ஏ. தத்துவம், கடைசி வருடம். அவர்களுடைய அமெரிக்கப் பாடப்புத்தகத்துக்கென்றே ஓர் இணையதளம் இருக்கிறது. லைன் கிடைக்கவே கால் மணி நேரம் ஆகும். கேள்விக்கான பதிலைக் கட்டத்துக்குள் அடித்து, பேராசிரியரின் மெயில் முகவரியைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் அவருக்குப் போய்விடும். பேராசிரியர் சூசைமரியான் சார்தான் அண்ணனைப் பாதிரியார் படிப்புக்குக் குருமடத்தில் சேர்க்க நற்சான்று கொடுக்க வேண்டியவர். பத்து வயதிலிருந்தே அவனுக்குச் சாமியார் ஆகவேண்டும்.

போன சனிக்கிழமை கடவுளைப் பற்றிய பாடம். இரண்டு கட்டங்கள். கடவுள் இல்லை என்று நீயே நம்புவதுபோல் முதலாவதில் எழுத வேண்டும். அதற்கு உன் சொந்தப் பதிலை இரண்டாவதில் எழுத வேண்டும். தனித்தனிப் பொத்தான்கள்.

அண்ணன் சொல்லச் சொல்ல அடித்தேன். கடைக்காரர் உடையப்பன் எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, சாமி இல்லைன்னு அமெரிக்காவுக்கே தாக்கல் சொல்றீகளாக்கும்?”

“பாடம்ண்ணே,” என்று அண்ணன் சிரித்தான்.

இரண்டாவதையும் சொல்லி முடித்தான். அடிக்கும்போது எனக்கே கண் கலங்கியது. “அனுப்பிட்டு வா புள்ள, நான் போயி பஸ்ஸ நிப்பாட்டுறேன்,” என்று ஓடினான்.

முதல் பொத்தானை அழுத்தினேன். இரண்டாவதை அழுத்தவில்லை. எல்லாவற்றையும் மூடிவிட்டு எழுந்தேன். சார் கைக்குப் போனதில் ஒரு சொல்கூட என்னுடையது இல்லை.

எங்களுடையது அப்பா இல்லாத வீடு. எனக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தபோது அம்மா சொன்னாள்: “அவனச் சேசுவுக்குக் குடுத்தாச்சு. உன்னையும் அனுப்பிட்டு நான் யாரு மூஞ்சில முழிக்கிறது?” அம்மா தனியாக இருக்கக் கூடாது. அதற்காகத்தான் செய்தேன்.

இன்று மத்தியானம் சார் வீட்டுக்கே வந்தார். கையில் அந்த முதல் பதிலை அச்செடுத்த தாள்.

“ரெண்டும் அனுப்புனேங்கிறான். எனக்கு ஒண்ணுதான் வந்துச்சு. நீதான அடிச்ச, சொல்லும்மா பெல்சி.”

“அண்ணன் ஒண்ணுதான் சார் சொல்லுச்சு. ரெண்டாவதுக்கு எனக்கே பதில் தெரியலன்னுச்சு.”

அண்ணன் என்னைப் பார்த்தான். கோபப்படவில்லை. “புள்ள மறந்திருக்கும் சார்,” என்றான்.

“மறக்கலண்ணே,” என்றேன். அது உண்மைதான்.

சார் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். “இத்தன வருசமா யாரடா ஏமாத்துன?” என்று அம்மா அவனைக் கேட்டாள். அண்ணன் வெளியே இறங்கி நடந்தான்.

ஊருணிப் படியில் அவன் செருப்பை முதலில் பார்த்தவள் நான். அப்போது மணி ஆறரை. ஏழரைக்குத்தான் வந்து சொன்னேன். அவனை வீட்டிலேயே நிறுத்தி வைக்கத்தான் இத்தனையும் செய்தேன். அப்படியிருக்க, அந்தச் செருப்பைப் பார்த்ததும், இனி என்னை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று எனக்கு ஏன் நிம்மதியாக இருந்தது?