மெய்யியலுக்கு என்ன சம்பளம்

"மெய்யியல் படிச்சா மாசம் எவ்வளவு கெடைக்கும்னு தோட்டத்துல எல்லார்கிட்டயும் கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியல. அதான் மகள கெம்பஸுக்கு அனுப்பல."

குருவிட்ட ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ரப்பர் பால் வெட்டுகிற இரண்டு பேர். மழை, அதனால் அன்று அவர்களுக்கு வேலையில்லை.

"படிப்பு இலவசம்தானேண்ணே?" என்றார் இளையவர்.

"போர்டிங், சாப்பாடு? நாலு வருஷம் எப்பிடிடா தாங்குறது?"

"ரப்பர் கன்ன நட்டுட்டு, பால் வெட்ட ஆறேழு வருஷம் காத்திருக்காங்களே."

பெரியவர் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தார்.

"இப்ப கார்மெண்ட் பெக்டரில வேலைக்கு இருக்கா. மாசாமாசம் காசு அனுப்பிடுறா. முந்தியெல்லாம் எதச் சொன்னாலும் 'ஏன்ப்பா, ஏன்ப்பா'ன்னு உயிர வாங்குவா. இப்ப போன்ல எதச் சொன்னாலும் 'சரிப்பா'ன்னு வச்சிடுறா."