முள்ளுக் கடிவாளம்

பிரெஞ்சுக்காரன் போயாயிற்று, வில்லியனூர் ரயில்வே கேட்டில் காத்துக் கிடப்பது மட்டும் போகவில்லை. எனக்கு முன்னால் இரண்டு குதிரை வண்டிகள்.

"இன்னா மச்சான், குதிரை வாயெல்லாம் ரத்தம்?" என்றான் ஒரு வண்டிக்காரன்.

"முள்ளுக் கடிவாளம்டா," என்றான் மற்றவன்.

"பாவி! வழவழன்னு இருக்குற கம்பியப் போடுறதுதானே?"

"அதத்தான் போட்டிருந்தேன். பாகூர் ரோட்டுல பஸ்காரன் ஆரன் அடிச்சான், பிச்சிக்கினு ஓடுச்சு. எம்பொண்ணு வுழுந்து இடுப்பு ஒடஞ்சிடுச்சு."

"அந்த பஸ்காரன் வாயில மாட்டணும் இந்த முள்ள. குத்திக் குத்தி வாய் மரத்துப் போச்சுன்னா, அப்பால எப்படி இழுத்தாலும் குதிரை நிக்காது, மச்சான்."

"அவ நடக்குற வரைக்கும் நின்னா போதும். ஆஸ்பத்திரிக்கு இதுலதான இட்டுக்கினு போறேன்."

வண்டிக்குள் வைக்கோல்மேல் படுத்திருந்த அவன் மகள் சொன்னாள்: "முள்ள எடுத்துடுப்பா. நான் கெட்டியா புடிச்சிக்கிறேன்."

ரயில் ஊதியது. குதிரை துள்ளியது. அவன் இரண்டு கையாலும் வாரை இழுத்தான்.