வேனில் வந்த பெட்ரோல் வாசனை

திருப்பதியிலிருந்து நகரிக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஓர் அக்காளும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். புத்தூர் தாண்டியதும் அவள் கேட்டாள்:

“ஒரு ரப்பருக்காடா உங்க மாமா வேனை வித்துட்டு குவைத்துக்குப் போனாரு?”

“ஆமாக்கா. வேனை வாங்கினவரே இன்னிக்கு என்கிட்ட சொன்னாரு. ரேணிகுண்டாவுல ஒரு மெக்கானிக்கு எங்க லீக்குன்னு டேங்க்குக்குள்ள புகையை விட்டுப் பாத்துக்கீறாரு. பெட்ரோல் ஊத்துற மூடிகிட்டயிருந்து மெல்லிசா வெளிய வந்துச்சாம். மூடி ரப்பர் வெடிச்சிருந்துச்சாம். அத மாத்தினதும் வாசனையே இல்லையாம்.”

“மலைக்குப் போறவங்க எல்லாம் வண்டியில ஏறினதும் வாந்தி எடுத்தாங்களே. டேங்க்கை மாத்தினாரு, பைப்பை மாத்தினாரு, பழைய மூடியைத்தான் திரும்பப் போட்டாரு. அப்புறம் ஒருத்தரும் வண்டிக்குக் கூப்பிடல. தறிய வித்து வாங்கின வண்டிடா. இப்ப அங்க யாரோ ஒருத்தருக்கு கார் ஓட்டிக்கினு கீறாரு.”

“மாமாகிட்ட சொல்லட்டுமா?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மடியிலிருந்த செல்போன் அடித்தது. குவைத்திலிருந்து கூப்பிட்டது கணவன்தான்.

“துன்னீங்களா? திருப்பதி போய்ட்டு வந்துக்கினு கீறோம்... ஆமா, வேனை வாங்கினவரை தம்பி பாத்தானாம்.”

தம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இல்லீங்க, வாசனை இன்னும் வந்துக்கினேதான் கீதாம். அவரும் எங்கெங்கியோ காட்டிட்டாராம். யாராலயும் கண்டுபுடிக்க முடியலயாம். நீங்க மட்டும் என்ன பண்ணியிருப்பீங்க?”