கோயில் வளைவில் ஆடிய ஹேண்டில்

காரவள்ளியில் பஸ் ஏறினேன். முன்சீட்டில் கணவன் மனைவி; கணவர் மடியில் வண்டிச் சாமான் பை.

"ஏனுங்க, கோயில் வளைவுல நம்ம வண்டிக்கே சாமி வருதுன்னீங்களே!"

"அங்க மட்டுந்தானே புள்ள ஹேண்டில் ஆடுச்சு? பழைய டர்ட் பைக்குன்னாலும் பக்தி இருக்குதுன்னு நெனச்சேன்."

"மேல ஏறையில அங்க மட்டுந்தான் பிரேக்கு புடிச்சு, ஒரு கையை எடுத்துக் கும்புடுறீங்க. ஹேண்டில் தண்டுல பேரிங் தேஞ்சிருக்குது, பிரேக்கு புடிச்சா ஆடும்னு மெக்கானிக் சொன்னாரில்ல?"

"அதான் புதுசு வாங்கியாச்சே. சாயங்காலம் மாட்டிருவாரு. நாளைக்காவது பயப்படாம பின்னாடி உக்காருவியா?"

"உக்காருறேனுங்க. ஆனா ரெண்டு பேருக்கும் சேத்து நானே கும்புட்டுக்கறேன். நீங்க ஹேண்டிலை விடக்கூடாது."

கோயில் வளைவு வந்தது. நானும் அந்த அம்மாவும் கைகூப்பினோம். கணவர் முன்னாலிருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் தாழ்த்தினார்.