றொபின்சன்ட பழைய நம்பர்

கிட்ட வந்து குந்துங்க. அந்த டோர்ச்ச அணைங்கடா… சிரிக்கிறவன் இப்பயே வீட்ட போகலாம்.

மஃரிப் நேரம், பொழுது படுது. ஓயாக்கரைக்குப் போற செம்மண் ரோட்டு, ரெண்டு பக்கமும் காடு, ஒரு லைட் கிடையாது. அந்த ரோட்டு முடியிற இடத்திலதான் எங்கட றைஸா ராத்தாட மாப்பிள்ள ஹில்மிக்குக் காவல் வேலை. ஆத்துவெள்ளம் பரவுற காப்புக்காடு. பகல்ல ஆக்கள் பறவை பார்க்க வருவாங்க. பொழுதுபட்டா ஒருத்தரும் உள்ளுக்க நிக்கப்படாது… மேல குளத்து வான்கதவத் திறந்தா அவ்வளவு இடமும் தண்ணி.

கூட வேலை செய்றவர் றொபின்சன், கற்பிட்டி ஆள். நோன்பு மாசம் வந்தா, ஹில்மி நோன்பு துறக்கட்டும் எண்டு கடைசிச் சுத்து அவர்தான் போவார். தங்கமான மனிசன். உள்ளுக்க ஆரும் இல்லயெண்டா, வெளிய வந்து வரம்பில நிண்டு நீட்டா ஒரு விசில். அதுக்குப் பொறகுதான் ஹில்மி குளத்து ஆக்களுக்கு ஃபோன் எடுத்து வான்கதவத் திறக்கச் சொல்லுவார்.

அண்டைக்கும் விசில் கேட்டிச்சி.

ஹில்மி எழும்பிப் பார்க்கல்ல. பாங்கு சொல்ற நேரம், காவல் கொட்டில்ல கையில ஈச்சம்பழத்தோட இருந்தார். "ஒருத்தரும் இல்ல, திறங்க" எண்டு ஃபோன்ல சொல்லிட்டு நோன்பு துறந்து கஞ்சியக் குடிச்சார். றொபின்சன்ட பங்க மூடி வெச்சார்… ஆள் வரல்ல. வெளிய வந்து பார்த்தா, சேத்துக்க இறங்க முந்தி அவர் கழட்டி வெச்ச செருப்பு அப்பிடியே கிடக்கு.

யா அல்லாஹ்!

பாய்ஞ்சார். தவளைச் சத்தம் சடாரெண்டு நிண்டிச்சி. பச்ச மண் வாசம்… பொறகு தூரத்தில, பாய் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். தண்ணி. "றொபின்சன்! டேய் றொபின்சன்!" தொண்டை கிழியக் கத்துறார். தண்ணி இடுப்புக்கு வந்திட்டு.

அப்ப பின்னால… விசில்.

திரும்பினார். கொட்டில் லாம்பு வெளிச்சத்தில றொபின்சன் குந்தியிருக்கார், கஞ்சிக் கோப்பை கையில. ஹில்மிக்குப் போன உசிர் திரும்பிச்சி. சந்தோசத்தில வாய்க்கு வந்தபடி ஏசினார். அவர் அசையல்ல. முகத்தையும் காட்டல்ல. ஹில்மிக்கு என்னமோ மாதிரி… ஃபோன எடுத்து அவர்ட நம்பருக்கு அடிச்சார்.

மணி கேட்டது கொட்டில்ல இல்ல. மற்றப் பக்கம், இருட்டுக்க… தண்ணிக்கு மேல.

"மச்சான்…" ஃபோன்ல அவர்ட குரல், மூச்சு வாங்குது. "ஏன் திறக்கச் சொன்ன? நான் இன்னும் விசிலடிக்கல்லயே…"

களக்கெண்டு ஒரு சத்தம். ஃபோன் கட்டாயிட்டு. திரும்பிப் பார்த்தா கொட்டில்ல ஒருத்தரும் இல்ல.

ராவு முழுக்க ஹில்மி ஒரு மருத மரத்தில ஏறியிருந்து அழுதார், தன்னாலதான் அந்த மனிசன் போயிட்டான் எண்டு. விடிஞ்சா… றொபின்சன் வரம்பால நடந்து வாறார். உடுப்பில சொட்டு ஈரமில்ல. "ஃபோன்தான் ஆத்தோட போயிட்டு மச்சான்" எண்டு சிரிச்சாராம். ஹில்மி கட்டிப் பிடிச்சார். உடம்பு சில்லெண்டு இருந்திச்சாம்.

இப்பயும் ரெண்டு பேரும் ஒண்டாத்தான் வேலை. வான்கதவு திறக்கிற அந்திகள்ல, அந்தப் பழைய நம்பர்ல இருந்து ஹில்மிக்குக் கால் வரும். றொபின்சன் பக்கத்திலதான் இருப்பார். ஃபோன எட்டிப் பார்ப்பார்.

"எடுக்காத மச்சான்" எண்டு சொல்லுவார்.