முப்பத்தோரு அட்டைகள்

சூப்புக்கு வெங்காயம் நறுக்க ஏழு நிமிஷம் போதும், மேடம். என் மனைவி இருபது நிமிஷம் எடுப்பாள். நடுவில் போன் பேசுவாள், உப்பைத் தேடுவாள், அடுப்பில் வைத்ததை மறப்பாள். நான் கட்டடக் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகத் திட்ட மேலாளர். அறுநூறு பேரிடம் வேலை வாங்குகிறவன் சொந்த வீட்டில் உப்பு எங்கே என்று தெரியாமல் முழிப்பதா? அதனால்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் சமையலறைச் சுவரில் போர்டு மாட்டினேன்.

செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது என்று மூன்று கட்டம். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. சமையலில் எதை மாற்றினாலும், எந்தப் பொருளை இடம் மாற்றினாலும் எழுதி ஒட்ட வேண்டும். பல் தேய்க்கும் பிரஷ் மாற்றுவதற்குக்கூட அட்டை உண்டு. ஆபத்துகளுக்குச் சிவப்பு அட்டை. அதில் முதலாவது என் மச்சானுடையது, மனைவியின் தம்பி. வேர்க்கடலை வாயில் பட்டால் அவனுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். உடனே ஊசி போடாவிட்டால் உயிர் போய்விடும். அந்த ஊசியை அடுப்புக்குப் பக்கத்து டிராயரில் வைக்க ஏற்பாடு செய்தவனே நான்தான். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிறுதோறும் சாப்பிட வருவான். போர்டை ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். நேராகப் போய்ப் பாத்திரத்தைத் திறப்பான். "பசிக்கிறதுக்குக்கூட உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா மாமா?" என்பான். போன மாதம் ஓர் அட்டையில் 'மாமா சிரிப்பது' என்று எழுதி, செய்ய வேண்டியது கட்டத்தில் ஒட்டினான். "இது இந்த ஜென்மத்துல முடியாதுக்கா," என்றான். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னோடு இருக்கும்போது அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நானும் சிரித்து வைத்தேன்.

இந்த ஞாயிறு சமையல் என் முறை. சூப் கெட்டியாக இருக்கட்டும் என்று வேர்க்கடலையை அரைத்து ஊற்றினேன். அட்டையில் எழுதினேன். ஊசியின் காலாவதித் தேதியைப் பார்ப்பது அடுத்த வார வேலை. முன்கூட்டியே முடித்துவிடலாம் என்று அதை டிராயரிலிருந்து எடுத்தேன். அதற்கும் அட்டை எழுதினேன்.

அவன் வந்தான், மூடியைத் திறந்தான், நின்றபடியே கரண்டியால் எடுத்துக் குடித்தான். குடிப்பான் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். போர்டைப் படி என்று மூன்று வருஷமாகத் தொண்டை வறளச் சொன்னவனுக்கு அன்றைக்குச் சொல்லத் தோன்றவில்லை.

கழுத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தான். மனைவி டிராயரை இழுத்தாள். காலி.

"ஊசி எங்கங்க? ஐயோ, தம்பிக்கு மூச்சு வரலைங்க!"

"போர்டுல எழுதியிருக்கேன். படிச்சுப் பாரு," என்றேன்.

அன்றைக்குப் போர்டில் முப்பத்தோரு அட்டைகள். ஊசி என் ஆபீஸ் பையில் இருப்பது இருபத்தெட்டாவதில் தெளிவாக எழுதியிருந்தது. பை என் காலடியில்தான் கிடந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் அழுதுகொண்டே ஒவ்வொன்றாகப் படித்தாள். ஓடிவந்து பையைப் பிடுங்கியபோது அவன் அசைவு அடங்கிவிட்டது.

செய்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனாலும் மேடம், அன்றைக்குத்தான் அவள் என் போர்டை மதித்து, முதல் அட்டையிலிருந்து வரிசையாகப் படித்தாள்.