மீசை கரையாத பிரிண்டர்

திண்டுக்கல்லிலிருந்து சாணார்பட்டி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் இரண்டு பெண்கள்.

“ஒரே மழைல எங்க மாமனாருக்கு மீசை தாடியாயிருச்சுக்கா,” என்றாள் இளையவள். “அவரு செத்தப்ப எங்க கடை இங்க்ஜெட்லயே படம் போட்டு அடிச்சு பஸ் ஸ்டாப்ல ஒட்டுன கண்ணீர் அஞ்சலி நோட்டீஸு. இங்க் ஒழுகிருச்சு.”

“கலர் லேசர் பிரிண்டர் வாங்குடி. டோனர் தூளைச் சூட்டுல ஒட்டவைக்கும், கரையாது.”

“நாலு டோனரையும் மாத்துனா மிசின் விலை வந்துருமாமே?”

“நாலும் ஒண்ணாவா தீரும்? ஒரு டோனர் எம்புட்டுப் பக்கம் ஓடும்னு பாரு. இங்க் சும்மா கெடந்தாலே காஞ்சு, அது வர்ற ஓட்டைய அடைச்சுக்கிரும். அதைக் கழுவ வீணாப்போற இங்க்கைக் கணக்குல சேத்தியா?”

இளையவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

“வாங்கிர்றேன்க்கா. வர்ற ஐப்பசியில மாமனாருக்கு மொத வருசம். திரும்ப நோட்டீஸ் ஒட்டணும். இந்தத் தடவையாச்சும் மனுசன் மீசையோட நிக்கட்டும்.”